வரம்பறிந்த தலைவர் குமாரசாமி ராஜா

நீர் நிறைந்த கண்மாய்க்குக் கரை வேண்டும். கரையற்ற நீர் பயிரை வளர்ப்பதற்கு மாறாக ஊரை அழித்துவிடும். கரை மட்டும் இருந்தாலும் போதாது. எந்த மடையின் வழியே, எந்த வயலுக்கு, எவ்வளவு நீர் பாய வேண்டும் என்னும் முறையும் வேண்டும். ஆட்சி அதிகாரமும் இத்தகையதே. ஆதலின், விடுதலை பெற்ற நாடு ஒன்று முதற்கண் செய்ய வேண்டிய கடமை, அதிகாரத்திற்குக் கரையும் மடையும் அமைத்தலே ஆகும்.

நம் நாட்டில் அக்கடமையை 1946 முதல் 1949 வரை அரசியல் நிர்ணய சபை ஆற்றியது. அச்சபையில் அமர்ந்து வாதாடிய அறிஞர்களின் பெயர்களை நாம் அறிவோம். ஆனால், அவர்கள் வகுத்த சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் பெரியதோர் இராச்சியத்தின் ஆட்சிப் பொறுப்பை ஏற்று, அச்சட்டம் இட்ட வரம்புகளையெல்லாம் தாமே முதலில் உணர்ந்தவர் ஒருவர் தென்பாண்டி நாட்டில் இருந்தார். அவரே பூ. ச. குமாரசாமி ராஜா ஆவார்.

ஊரும் இளமையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்தது இராஜபாளையம். மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் கண்மாய்களை நிரப்பும். கரிசல் நிலத்தில் பருத்தி விளையும். இவ்வூருக்குச் சில கல் தொலைவில் திருவில்லிபுத்தூர் உள்ளது. பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய பெருமை அதற்கு உண்டு. அங்குள்ள கோயிலின் கோபுரமே தமிழ்நாட்டு அரசின் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளது என்று பலரும் கூறுவர். ஒன்று வாணிகத்தால் வளர்ந்த ஊர். மற்றொன்று வழிபாட்டால் விளங்கும் ஊர். குமாரசாமி ராஜாவின் வாழ்க்கையில் முதலாவது ஊர் அவரை ஈன்றது. இரண்டாவது ஊர் அவரைச் சோதித்தது.

அவர் 1898ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8ஆம் நாள் பிறந்தார். அந்நாளில் இவ்விரண்டு ஊர்களும் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்பட்டபோது அதனுடன் சேர்க்கப்பட்டன. இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ளன. குழந்தைப் பருவத்திலேயே பெற்றோரை இழந்த அவரைப் பாட்டியார் வளர்த்தார். விசயநகர ஆட்சிக் காலத்திற்குப் பின் தெற்கே வந்து குடியேறிய ராஜுக்கள் குலத்தில் அவர் பிறந்தார். வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் கேட்டு வளர்ந்தவர் அவர். இரு மொழியாரும் ஒன்றி வாழும் ஊரில் வளர்ந்த இந்த அனுபவம், பிற்காலத்தில் அவருக்கு வாய்த்த கடினமான பணி ஒன்றுக்குப் பெரிதும் பொருந்தியதாயிற்று.

நாட்டுத் தொண்டு

பள்ளிப் படிப்பு முடிந்ததும் குமாரசாமி ராஜா காங்கிரசுப் பேரியக்கத்தில் சேர்ந்தார். காந்தியடிகளின் நெறி அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. கதர் உடுத்தார், மதுவிலக்கிலும் கைத்தொழில் வளர்ச்சியிலும் நாட்டம் கொண்டார், அறப்போரில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார். செல்வக் குடியில் பிறந்தவராயினும் எளிமையே அவர்க்கு அணியாயிற்று.

1934ஆம் ஆண்டு மத்திய சட்ட சபைக்கு நடந்த தேர்தலில் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி ஆகிய மாவட்டங்கள் அடங்கிய தொகுதியிலிருந்து அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். சென்னை நகரிலிருந்து சத்தியமூர்த்தியும் அதே தேர்தலில் வென்று தில்லிக்குச் சென்றார். அக்காலத்தில் பிரிட்டிஷ் அரசு இந்தியாவுக்கெனப் புதியதோர் ஆட்சித் திட்டத்தை வகுத்துக்கொண்டிருந்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டம் என்று பின்னர் பெயர் பெற்றது அதுவே. மத்திய அரசுக்கு உரியவை, மாகாணங்களுக்கு உரியவை, இருவர்க்கும் பொதுவானவை என அதிகாரங்களை மூன்று பட்டியல்களாக அச்சட்டம் பிரித்தது. எனினும் ஆளுநர் கையில் சிறப்பு அதிகாரங்களை வைத்தது. மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சரின் முடிவை, மக்கள் தேர்ந்தெடுக்காத ஆளுநர் சில பொருள்களில் மாற்ற இயலும் என்பதே அதன் குறை. அதனைக் காங்கிரசார் கடுமையாக எதிர்த்தனர். இவ்வாறு, அதிகாரப் பங்கீடு பற்றிய வாதங்களைக் குமாரசாமி ராஜா தம் நடுவயதிலேயே தில்லி மாநகரில் அருகிருந்து கேட்டார்.

1946இல் தங்குதூரி பிரகாசம் சென்னை மாகாணத்தில் அமைத்த அமைச்சரவையில் குமாரசாமி ராஜாவும் ஓர் அமைச்சரானார். அவ்வாண்டு டிசம்பர் 9ஆம் நாள் தில்லியில் அரசியல் நிர்ணய சபை கூடியது. இனி நாம் சிறிது நேரம் அச்சபையினுள் சென்று, அங்கே எழுந்த வினாக்களைக் காண்போம். அவற்றை அறிந்தாலன்றிக் குமாரசாமி ராஜாவின் ஆட்சிக் காலத்தை நாம் நன்கு விளங்கிக்கொள்ள இயலாது.

சபையில் எழுந்த வினாக்கள்

முதல் வினா, மத்திய அரசு வலிமை மிக்கதாக இருக்க வேண்டுமா, மாகாணங்கள் வலிமை மிக்கனவாக இருக்க வேண்டுமா என்பது. அமெரிக்க நாட்டில் தனி அரசுகள் கூடி, 1787இல் பிலடெல்பியா நகரில் தம் அதிகாரத்தில் ஒரு பகுதியை மட்டும் பொது அரசுக்கு அளித்தன. எஞ்சிய அதிகாரங்களைத் தாமே வைத்துக்கொண்டன. நம் நாட்டின் நிலை வேறு. நாடு பிரிவினையுற்று, இலட்சக் கணக்கான மக்கள் வீடிழந்து வந்த காலம் அது. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சுதேச சமஸ்தானங்களை ஒன்றிணைக்க வேண்டிய பணியும் இருந்தது. ஆதலின், வலிய மத்திய அரசு வேண்டும் என்ற கருத்தே ஓங்கியது. எப்பட்டியலிலும் சேராத அதிகாரங்கள் மத்திய அரசைச் சாரும் என்று முடிவாயிற்று. மத்தியப் பட்டியலில் 97 பொருள்களும், மாநிலப் பட்டியலில் 66 பொருள்களும், பொதுப் பட்டியலில் 47 பொருள்களும் இடம்பெற்றன.

இதனை எல்லாரும் மகிழ்ந்து ஏற்றுக்கொண்டனர் என்று எண்ணுதல் கூடாது. தமிழகத்திலிருந்து சென்ற கே. சந்தானம், பொதுப் பட்டியல் விரிந்துகொண்டே போவதையும், பொருள்வளம் மத்திய அரசிடம் குவிவதையும் சுட்டிக் காட்டினார். கல்வியும் மருத்துவமும் காவலும் மாநிலங்களின் பொறுப்பாக இருக்க, அவற்றை நடத்தும் பணத்திற்கு அவை மத்திய அரசை நோக்கிக் கையேந்தும் நிலை வரலாகாது என்பதே அவர் கவலை. சென்னை மாகாணத்திற்கு இக்கவலை மிகப் பொருந்தும். 1948 அக்டோபர் முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தமையால், கள்ளும் சாராயமும் தந்த பெருவருவாய் நின்றுபோயிற்று. 1939இல் இராஜாஜி கொண்டுவந்த விற்பனை வரியே அரசின் முக்கியத் துணையாக இருந்தது. வரைவுக் குழுவில் உறுப்பினராக இருந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரியோ, இச்சட்டம் மாநிலங்களை அடிமைப்படுத்தும் என்ற கூற்றை மறுத்து, தத்தம் எல்லைக்குள் அவை உரிமையுடையனவே என வாதிட்டார்.

இரண்டாம் வினா, ஆளுநரை மக்கள் தேர்ந்தெடுப்பதா, குடியரசுத் தலைவர் நியமிப்பதா என்பது. 1947இல் மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சபை எண்ணியது. பின்னர் அதில் ஓர் இடர் தோன்றியது. ஆளுநரும் மக்களால் வந்தவர், முதலமைச்சரும் மக்களால் வந்தவர் என்றால், இருவருள் எவர் சொல் செல்லும்? ஓர் உறையில் இரு வாள் இருத்தல் அரிதன்றோ? எனவே, 1949 மே இறுதியில் சபை தன் முடிவை மாற்றிக்கொண்டது. ஆளுநர் நியமிக்கப்படுவார், அமைச்சரவையின் அறிவுரைப்படி நடப்பார் என்பது புதிய முடிவு.

மூன்றாம் வினா, அரசு செய்யும் செயல் குடிமகனின் உரிமையைத் தாக்குமாயின், அதனைத் தடுப்பவர் யார் என்பது. இங்கிலாந்தில் நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தை எந்த நீதிமன்றமும் தள்ளிவிட இயலாது. நம் நாட்டுச் சபையோ, அடிப்படை உரிமைகளைச் சட்டத்திலேயே எழுதி, அவற்றுக்கு மாறான சட்டங்களை நீக்கும் அதிகாரத்தை நீதிமன்றங்களுக்கு அளித்தது. வரைவுக் குழுவின் தலைவரான டாக்டர் அம்பேத்கரும், அக்குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் இப்பகுதியை உருவாக்குவதில் பெரும் பங்கு கொண்டனர்.

நான்காம் வினா, ஊர்களுக்கு என்ன அதிகாரம் என்பது. முதல் வரைவில் ஊராட்சி பற்றி ஒரு சொல்லும் இல்லை. காந்தியடிகளின் நெறியைப் போற்றிய பலர் இதற்காக வருந்தினர். 1948 நவம்பர் 22ஆம் நாள் கே. சந்தானம் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஊராட்சிகளை அமைத்து, அவற்றுக்கு வேண்டிய அதிகாரம் அளித்தல் அரசின் கடமை என்பது அதன் பொருள். அம்பேத்கர் அதனை ஏற்றுக்கொண்டார். அதுவே சட்டத்தின் 40ஆம் பிரிவு ஆயிற்று.

முதலமைச்சர் பொறுப்பு

தில்லியில் இவ்வாதங்கள் நடந்துகொண்டிருந்த காலத்தில், சென்னையில் ஆட்சி மாறியது. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் பதவியிலிருந்து விலகவே, 1949 ஏப்ரல் 6ஆம் நாள் குமாரசாமி ராஜா மாகாணத்தின் பிரதமர் ஆனார். மாகாண அமைச்சரவைத் தலைவரைப் பிரதமர் என்றழைப்பது அக்கால வழக்கம். அன்றைய சென்னை மாகாணம் இன்றைய தமிழ்நாட்டைவிட மிகப் பெரியது. ஆந்திர மாவட்டங்களும், மலபாரும், தென்கன்னடமும் அதனுள் அடங்கியிருந்தன.

1949 நவம்பர் 26ஆம் நாள் அரசியல் சட்டம் நிறைவேறியது. 395 பிரிவுகளும் 8 அட்டவணைகளும் கொண்ட அச்சட்டம் 1950 ஜனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அந்நாளில் சென்னை மாகாணம் சென்னை இராச்சியம் ஆயிற்று. பிரதமர் முதலமைச்சர் ஆனார். மாகாணத்தின் கடைசிப் பிரதமரும், குடியரசு இந்தியாவில் சென்னையின் முதல் முதலமைச்சரும் குமாரசாமி ராஜா ஒருவரே. பெயர் மாற்றம் ஓர் இரவில் முடிந்தது. ஆனால் ஆட்சியின் தன்மையில் நேர்ந்த மாற்றத்தை அவர் ஒவ்வொரு திங்களும் அனுபவத்தால் அறிய வேண்டியதாயிற்று.

எல்லை வகுத்த குழு

முதல் சோதனை, குடியரசு பிறப்பதற்கு முன்பே வந்தது. தெலுங்கு பேசும் மாவட்டங்களைத் தனி மாநிலமாக்க வேண்டும் என்பது ஆந்திர மக்களின் நெடுநாள் வேட்கை. 1949இன் இறுதியில் அதற்கென ஒரு பிரிவினைக் குழு அமைந்தது. அதன் தலைமை குமாரசாமி ராஜாவிடம் வந்தது. பிரகாசம், கோபால ரெட்டி, களா வெங்கட ராவ், சஞ்சீவ ரெட்டி ஆகியோர் ஆந்திரத்தின் சார்பில் அக்குழுவில் இருந்தனர்.

தெலுங்கு வீட்டில் பிறந்து, தமிழ் மண்ணில் வளர்ந்த ஒருவர் இரு சாராருக்கும் நடுவே அமர்ந்து எல்லை வகுப்பது எத்துணைக் கடினம்! வருவாயைப் பகிரலாம், அலுவலர்களைப் பகிரலாம், கடனையும் பகிரலாம். சென்னை நகரை எவ்வாறு பகிர்வது? அவ்விடத்தில்தான் உடன்பாடு முறிந்தது. நகரைப் பற்றிய முடிவைப் பிரகாசம் ஏற்காமல் தம் மாறுபட்ட கருத்தை எழுதித் தந்தார். ஒருமித்த முடிவு இல்லாமையால் பிரிவினை தள்ளிப்போயிற்று. பின்னர் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாநோன்பிருந்து 1952 டிசம்பர் 15ஆம் நாள் உயிர் நீத்தார். அதன் பின்னரே, 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது. சென்னை நகர் தமிழருடனேயே இருந்தது. குழுவின் பணி அன்று வெற்றி பெறவில்லை எனினும், மொழியால் பிரிந்தும் நாட்டால் ஒன்றியும் வாழ்தல் எவ்வாறு என்னும் வினாவை அது நேர்நின்று ஆராய்ந்தது.

நீதிமன்றம் இட்ட வரம்பு

இரண்டாம் சோதனை நீதிமன்றத்தின் வாயிலாக வந்தது. அக்காலத்தில் சென்னை இராச்சியத்தில் பொதுவுடைமைக் கட்சி தடை செய்யப்பட்டிருந்தது. அமைதிக்கு ஊறு நேரும் என்று அஞ்சிய அரசு, 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைக் கொண்டு பல கட்டுப்பாடுகளை விதித்தது. பம்பாயிலிருந்து வெளிவந்த கிராஸ் ரோட்ஸ் என்னும் வார இதழ் சென்னை இராச்சியத்தினுள் வரலாகாது என்று 1950 மார்ச்சுத் திங்களில் ஆணையிட்டது. இதழை நடத்திய ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1950 மே 26ஆம் நாள் தீர்ப்பு வந்தது. பேச்சுரிமையை இவ்வாறு தடுக்கும் அதிகாரம் அரசியல் சட்டத்தில் இல்லை என்று கூறி, நீதிமன்றம் சென்னை அரசின் ஆணையை நீக்கியது. பெரும்பான்மை நீதிபதிகளின் தீர்ப்பை எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரியார். பசல் அலி என்னும் நீதிபதி மட்டும் வேறு கருத்துக் கொண்டார்.

அதற்கு ஒரு வாரம் முன்னர், சென்னைச் சிறையில் இருந்த ஏ. கே. கோபாலன் தொடுத்த வழக்கிலும் தீர்ப்பு வந்திருந்தது. அவரை விடுவிக்க நீதிமன்றம் இசையவில்லை. ஆயினும், காவலில் வைத்ததற்கான காரணத்தை நீதிமன்றத்திற்கும் மறைக்கலாம் என்ற தடுப்புக் காவல் சட்டத்தின் பிரிவைச் செல்லாது என்று தள்ளியது. குடியரசு பிறந்து நான்கு திங்களுக்குள், இரண்டு பெரும் வழக்குகளில் சென்னை அரசு நீதிமன்றத்தின் முன் நின்று தன் செயலுக்குக் காரணம் கூற வேண்டியதாயிற்று. அயலார் ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்ற ஒருவர், தாம் ஆளும் காலத்தில் பிறர் உரிமைக்குத் தடையிட்டார் என்பது எண்ணத்தக்கது. அதிகாரம் நல்லோர் கையில் இருந்தாலும் அதற்குக் கரை வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மூன்றாம் வழக்கு இவற்றினும் ஆழமானது. சென்னையில் கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிடும் அரசாணை நடைமுறையில் இருந்தது. ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்க்கு 2, தாழ்த்தப்பட்டோர்க்கு 2, ஆங்கிலோ இந்தியர்க்கும் இந்தியக் கிறித்தவர்க்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்பது கணக்கு. பல தலைமுறைகளாகக் கல்வி எட்டாதிருந்தோர்க்கு இவ்வாணை கதவைத் திறந்தது. பிறந்த வகுப்பினால் தமக்கு இடம் மறுக்கப்படுகிறது என்று சண்பகம் துரைராசன் என்பவரும் வேறொருவரும் வழக்குத் தொடுத்தனர். 1950 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும், 1951 ஏப்ரல் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் அரசாணை செல்லாது என்று தீர்ப்பளித்தன.

தமிழகம் கொதித்தெழுந்தது. பெரியார் ஈ. வெ. ராவும், 1949இல் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் கிளர்ச்சி நடத்தினர். சென்னை அரசு தீர்ப்பை மீறவும் இயலவில்லை. மக்களின் துயரைக் காணாதிருக்கவும் இயலவில்லை. இத்தகைய நிலையில் வழி யாது? சட்டத்தை மீறாமல், சட்டத்தை மாற்றுதலே வழி. அரசியல் நிர்ணய சபையே அப்போது தற்காலிக நாடாளுமன்றமாக விளங்கியது. சட்டத்தை எழுதிய கைகளே 1951 ஜூன் திங்களில் அதன் முதல் திருத்தத்தை எழுதின. கல்வியிலும் சமூகத்திலும் பின்தங்கிய வகுப்பினர்க்குத் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு உரிமை உண்டு என்னும் 15ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு அவ்வாறே பிறந்தது. பேச்சுரிமைக்கு அரசு விதிக்கக் கூடிய கட்டுப்பாடுகளும் அதே திருத்தத்தில் விரிவாக்கப்பட்டன. இந்தியா முழுமைக்கும் பொருந்தும் முதல் திருத்தத்திற்குச் சென்னையில் எழுந்த வழக்குகள் பெரியதொரு காரணமாயின.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும். அரசாணையை அரசு பிறப்பித்தது, நீதிமன்றம் நீக்கியது, மக்கள் குரல் எழுப்பினர், நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. நால்வரும் தத்தம் இடத்தில் நின்றே இதனைச் செய்தனர். அதிகாரப் பங்கீடு என்பது ஏட்டில் எழுதிய பட்டியலோடு முடிவதன்று என்பதை இந்நிகழ்ச்சி நமக்குக் காட்டுகிறது.

ஊருக்கு ஓர் ஆட்சி

மேலிருந்து வந்த வரம்புகளைத் தாங்கிய அவ்வரசு, கீழ்நோக்கி அதிகாரத்தைப் பகிரவும் செய்தது. குமாரசாமி ராஜாவின் ஆட்சியில் 1950ஆம் ஆண்டுச் சென்னை ஊராட்சிச் சட்டம் இயற்றப்பட்டது. சிற்றூர்களில் ஊராட்சி அமைப்பதற்கு அது வழி வகுத்தது. சாலையும் விளக்கும் குடிநீரும் ஊராரே தேர்ந்தெடுத்தவர்களின் பொறுப்பாயின. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலை முறையில் ஊர்ச் சபையினரைத் தேர்ந்தெடுத்த வரலாற்றைக் கூறுகின்றன. யார் உறுப்பினராகலாம், யார் ஆகலாகாது என்பதையும், கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வு பெற இயலாது என்பதையும் அவை விதிக்கின்றன. அத்தகைய பழம் மரபுடைய நாட்டில், 40ஆம் பிரிவு கூறிய கடமையைக் குடியரசின் முதல் ஆண்டிலேயே நிறைவேற்ற முற்பட்டது சிறப்பே. எனினும் அப்பிரிவு அரசுக்கு அறிவுரை கூறியதேயன்றி, அதனைக் கட்டாயப்படுத்தவில்லை. 1992இல் நிறைவேறிய 73ஆம் திருத்தத்தின் பின்னரே, ஊராட்சித் தேர்தல் பெரும்பாலான மாநிலங்களுக்குக் கட்டாயக் கடமையாயிற்று.

வாக்காளர் தீர்ப்பு

எல்லாவற்றிலும் பெரிய சோதனை 1952 ஜனவரியில் வந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் சொத்தும் படிப்பும் உடையோர்க்கே வாக்குரிமை இருந்தது. புதிய சட்டமோ 21 வயது நிரம்பிய ஒவ்வொருவர்க்கும் வாக்குரிமை அளித்தது. நாடு முழுவதும் 17 கோடிக்கும் மேற்பட்டோர் வாக்காளர் ஆயினர். நெசவாளரும், உழவரும், பருத்தி ஆலைத் தொழிலாளரும், எழுத்தறியாத மூதாட்டியும் முதலமைச்சருக்கு நிகரான ஒரே ஒரு வாக்கைப் பெற்றனர்.

அத்தேர்தலில் குமாரசாமி ராஜா திருவில்லிபுத்தூர்ச் சட்டமன்றத் தொகுதியில் நின்றார். பிறந்த ஊருக்கு அண்மையிலுள்ள ஊர், அறிந்த முகங்கள், பல்லாண்டுத் தொண்டு, கையில் முதலமைச்சர் பதவி. இத்தனையும் இருந்தும் அவர் தோல்வியுற்றார். மழை பல ஆண்டுகள் பொய்த்தமையால் உணவுப் பஞ்சம் நிலவிய காலம் அது. பங்கீட்டு அரிசிக்காக மக்கள் வரிசையில் நின்றனர். அந்த மனக்குறை வாக்குப் பெட்டியில் வெளிப்பட்டது. பக்தவத்சலம் முதலான வேறு அமைச்சர்களும் தோற்றனர். 375 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் காங்கிரசுக்கு 152 இடங்களே கிடைத்தன. அதே தேர்தலில், அதே திருவில்லிபுத்தூரின் பெயர் தாங்கிய நாடாளுமன்றத் தொகுதியில் காமராசர் வென்றார் என்பதும் நோக்கத்தக்கது. ஒரு கட்சியைச் சேர்ந்த இருவரையும் மக்கள் தனித்தனியே நிறுத்துப் பார்த்தனர்.

ஆண்டாள் கோயிலின் நிழலில் வாழும் எளிய மக்கள், ஒரு துளி குருதியும் சிந்தாமல், தம்மை ஆளும் முதலமைச்சரை மாற்றிவிட்டனர். பழங்காலத்தில் ஓர் அரசனை மாற்றப் போர் வேண்டியிருந்தது. இப்போதோ ஒரு காகிதத் துண்டு போதுமானதாயிற்று. குமாரசாமி ராஜா அத்தீர்ப்பை ஏற்றுப் பதவியிலிருந்து இறங்கினார். 1952 ஏப்ரல் 10ஆம் நாள் இராஜாஜி முதலமைச்சர் ஆனார். தேர்தலில் நில்லாத இராஜாஜியை ஆளுநர் ஸ்ரீ பிரகாசா சட்ட மேலவைக்கு நியமித்து ஆட்சி அமைக்க அழைத்தமையால், ஆளுநரின் அதிகாரம் பற்றிய வாதம் மீண்டும் எழுந்தது.

ஆளுநர் பணி

அந்த ஆளுநர் பதவியே பின்னர் குமாரசாமி ராஜாவையும் தேடி வந்தது. 1954இல் அவர் ஒரிசா மாநிலத்தின் ஆளுநராக நியமிக்கப்பட்டார். அவர்க்கு முன் அப்பதவியில் இருந்தவர், ரொமேஷ் தாப்பர் வழக்கில் மாறுபட்ட கருத்து எழுதிய பசல் அலி ஆவார். 1936ஆம் ஆண்டிலேயே மொழியின் அடிப்படையில் தனி மாகாணமாக அமைந்தது ஒரிசா. சென்னையில் மொழிவழிப் பிரிவினைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், மொழிவழி அமைந்த அம்மாநிலத்தின் தலைவராய் அமர்ந்தார். முன்பு அமைச்சரவையை நடத்தியவர், இப்போது அமைச்சரவையின் அறிவுரைப்படி நடக்க வேண்டியவரானார். அதிகாரத்தை ஏந்துதல் ஒரு கலை. அதிகாரத்தின் அருகே அமர்ந்தும் அதனை ஏந்தாதிருத்தல் மற்றொரு கலை. இரண்டையும் பயிலும் வாய்ப்பு அவர்க்குக் கிட்டியது. 1956 வரை அவர் அப்பொறுப்பில் இருந்தார்.

பதவிகளால் அவர் செல்வம் சேர்க்கவில்லை. இராஜபாளையத்தில் இருந்த தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்திற்கு வழங்கினார். ஆட்சியாளர் வாழ்ந்த வீடு ஊராரின் பொது இடமாயிற்று. இரண்டாம் பொதுத் தேர்தல் நடைபெற்ற 1957ஆம் ஆண்டு, மார்ச்சுத் திங்கள் 16ஆம் நாள், தம் 58ஆம் வயதில் அவர் உலக வாழ்வை நீத்தார்.

அவர் வாழ்க்கை கற்பிப்பது

குமாரசாமி ராஜா பிழையே செய்யாதவர் என்று கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. அவர் அரசின் ஆணைகள் நீதிமன்றத்தில் தோற்றன. அவர் தலைமை தாங்கிய குழு உடன்பாடு காணவில்லை. அவரைத் தம் மக்களே தேர்தலில் ஏற்கவில்லை. ஆயினும் நீதிமன்றம் தடுத்தபோது அவர் அரசு பணிந்தது. மக்கள் விலக்கியபோது அவர் விலகினார். பிற்காலத்தில் அதிகாரம் குறைந்த பதவி வந்தபோது அதனையும் ஏற்றுத் தொண்டாற்றினார். உலகில் புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் பலவற்றில், முதல் தலைவர்கள் பதவியை விட மறுத்தமையாலேயே நல்ல அரசியல் சட்டங்கள் வீணாயின என்பதை நாம் நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

தில்லியில் கூடிய அறிஞர்கள் கரையையும் மடையையும் வரைந்து தந்தனர். அவை நிலைத்து நிற்குமா என்பது, முதல் வெள்ளம் வந்தபோதுதான் தெரியும். சென்னையில் அந்த முதல் வெள்ளத்தின்போது கரையை உடைக்காமல் நின்றவர் இராஜபாளையத்துக் குமாரசாமி ராஜா. நாளை வாக்களிக்கப் போகும் மாணவர்களும், நாளை பதவியில் அமரப் போகும் மாணவர்களும் அவர் வாழ்க்கையை அறிந்து, அதிகாரத்தின் வரம்பைப் போற்றி நடப்பார்களாக!